கோச் வேலை கிடைத்தால் சட்டப் படிப்பு இலவசமா?

வந்த கடிதம்: "அக்கா, நான் கோயம்புத்தூர்ப் பெண். டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா வந்தேன். இப்போது அரசியல் அறிவியல் கடைசி வருடம். அடுத்து லா ஸ்கூல் போக ஆசை. பக்கத்து மாநிலத்தில் ஒரு டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டில் இரண்டாம் நிலை) பல்கலைக்கழகம், பெண்கள் டென்னிஸ் அணிக்கு கிராஜுவேட் அசிஸ்டென்ட் கோச்சாக, அதாவது மேற்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் துணைக் கோச்சாக வரச் சொல்கிறது. ட்யூஷன் வைவர் (படிப்புக் கட்டண விலக்கு) உண்டு, பத்து மாதத்துக்கு 9,000 டாலர் ஸ்டைபென்ட் (உதவித்தொகை). அதே வளாகத்தில் லா ஸ்கூலும் இருக்கிறது, வருடக் கட்டணம் 36,000 டாலர். 'அதற்கும் வைவர் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்' என்கிறார் கோச். லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட் ஒரு தடவை எழுதி 156 வாங்கியிருக்கிறேன். ஜி.பி.ஏ. 3.8. அப்பா கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்கிறேன் என்கிறார். எனக்கு அதில் மனசே இல்லை. இந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாமா?"

பதில்:

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், கோச் சொன்ன அந்த 'நினைக்கிறேன்'. முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டதே அந்த மாதிரி ஒரு வார்த்தையில்தான்.

நானும் டென்னிஸ் ஆடித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். இளங்கலை முடித்த கையோடு மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே ஜி.ஏ. (கிராஜுவேட் அசிஸ்டென்ட்) வேலை கிடைத்தது, லா ஸ்கூலிலும் இடம் கிடைத்தது. தலைமைக் கோச் நல்ல மனிதர். "கவலைப்படாதே, படிப்புச் செலவு யுனிவர்சிட்டி பொறுப்பு" என்றார். எனக்கு வந்த கடிதத்தில் 'ஒரு செமஸ்டருக்கு ஒன்பது கிரெடிட் (பாட அளவு) வரை முதுகலைக் கட்டண விலக்கு' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் சந்தோஷத்தோடு படித்தேனே தவிர, கவனத்தோடு படிக்கவில்லை. வகுப்பு தொடங்கி நான்காவது நாள் லா ஸ்கூலிலிருந்து முழுக் கட்டணத்துக்கும் பில் வந்தது. கட்டண அலுவலகத்தில் இருந்த பெண்மணி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சட்டம், மருத்துவம், பார்மசி மூன்றும் தொழில்முறைப் படிப்புகள், முதுகலை வைவர் அவற்றுக்குச் செல்லாது என்று அதில் இருந்தது. கையில் இருந்த பில்லை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே டென்னிஸ் கோர்ட்டுக்குப் போனேன். அன்று சாயங்காலம் பயிற்சி இருந்தது. அப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பந்து அள்ளிப் போட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கோச் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். ஜி.ஏ. வைவர் பெரும்பாலும் முதுகலைப் பள்ளியின் (பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பிரிவு) கணக்கில் இருந்து வருகிறது. லா ஸ்கூலுக்கு வரவு செலவு தனி, கட்டணம் தனி, ஸ்காலர்ஷிப் பணமும் தனி. விளையாட்டுத் துறை எழுதிக் கொடுக்கிற வைவரை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதற்குப் பல இடங்களில் கிடையாது. ஏற்றுக்கொண்டாலும் முதுகலை விகிதம் எவ்வளவோ அவ்வளவுதான் கழிப்பார்கள், மீதியை நாம் கட்ட வேண்டும். முதுகலையில் முழுநேர மாணவர் என்றால் பொதுவாக ஒன்பது கிரெடிட். லா ஸ்கூல் முதல் வருடத்தில் செமஸ்டருக்குப் பதினைந்தை ஒட்டி எடுத்தாக வேண்டும், குறைக்க முடியாது. ஆகவே 'ட்யூஷன் வைவர்' என்ற இரண்டு சொல் உங்களுக்குப் போதாது. 'ஜே.டி. (சட்டப் பட்டம்) படிப்புக்கு, லா ஸ்கூல் கட்டண விகிதத்தில், பதிவு செய்யும் எல்லாக் கிரெடிட்டுக்கும்' என்று எழுத்தில் வேண்டும். அதை எழுத வேண்டியவர் கோச் அல்ல, லா ஸ்கூலின் நிதி உதவி அலுவலகம். அவர்களுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள், ஜி.ஏ. கடிதத்தின் நகலை அதோடு இணையுங்கள். தொலைபேசியில் 'ஆமாம்' என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, "இதையே எழுதி அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் படிக்கப்போவது சட்டம்.

சரி, எழுத்தில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது வரி. இதை ஜி.ஏ. வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் ஆற்றாமை உண்டு.

அமெரிக்க வருமான வரிச் சட்டம் முதுகலை மாணவர்களின் கட்டண விலக்குக்கு வரி கிடையாது என்கிறது. ஆனால் அந்தச் சலுகை கற்பித்தல் அல்லது ஆராய்ச்சிப் பணி செய்பவர்களுக்கு மட்டும். அணிக்குப் பயிற்சி கொடுப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்போது மிஞ்சுவது இன்னொரு பிரிவு. வேலை கொடுப்பவர் தரும் கல்வி உதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை அதில் வரி இல்லை. அதற்கு மேல் உள்ளது உங்கள் சம்பளமாகவே கருதப்படும். உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 36,000 டாலர் வைவரில் 5,250 போக 30,750. அதோடு ஸ்டைபென்ட் 9,000. கையில் வருவது 9,000தான், ஆனால் வருமானம் 39,750 என்று பதிவாகும். 2025ஆம் ஆண்டு விகிதத்தில், பொதுக் கழிவான 15,750 போக (இந்திய மாணவர்களுக்கு இருநாட்டு வரி ஒப்பந்தம் அந்தக் கழிவைத் தருகிறது), மத்திய வரி மட்டும் சுமார் 2,640 டாலர். மாதம் 900 என்று நினைத்தது 636 ஆகிவிடும். மாநில வரி, மருத்துவக் காப்பீடு, புத்தகம் இதில் சேரவில்லை. சில இடங்களில் ஒரு செமஸ்டர் வைவர் முழுவதையும் ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தில் ஏற்றி வரியைப் பிடித்துவிடுவார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பியின் அக்டோபர் சம்பளச் சீட்டில் கைக்கு வந்தது 41 டாலர். வாடகை நாள் நெருங்கியபோதுதான் அதைப் பிரித்தே பார்த்திருக்கிறார். அதனால் சம்பள அலுவலகத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வைவருக்கு வரி பிடிப்பீர்களா, எந்த மாதத்தில்?"

விசா விஷயம். நீங்கள் எஃப்-1, அதாவது மாணவர் விசா. செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்களோ அங்கேதான் அந்த வேலையும் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் ஒரே வளாகம், நல்லது. ஆனால் டென்னிஸில் வழக்கமாக வருகிற இரண்டு ஆசைகளுக்கு நீங்கள் கண்டிப்பாக 'வேண்டாம்' சொல்ல வேண்டும். ஒன்று, ஊர்ப் பிள்ளைகளுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தனி வகுப்பு எடுப்பது. இன்னொன்று, தலைமைக் கோச் தன் சொந்த கம்பெனி பெயரில் நடத்தும் கோடைக்கால கேம்ப்பில் சம்பளத்துக்கு நிற்பது. உங்கள் அமெரிக்கத் தோழிகள் இரண்டையும் செய்வார்கள், அவர்களுக்குத் தடையில்லை. உங்களுக்கு அது அனுமதியில்லாத வேலை, விசா நிலையே போய்விடும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வெளியே வாங்காதீர்கள். வக்கீலாகப் பதிவு செய்யும்போது உங்கள் நடத்தையைத் தோண்டித் துருவி விசாரிப்பார்கள். இந்த மாதிரி விஷயங்கள் அங்கே வெளியே வரும்.

இப்போது பணத்தை விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன், நேரம்.

லா ஸ்கூல் முதல் வருடத்தில் பெரும்பாலான பாடங்களுக்கு செமஸ்டர் கடைசியில் ஒரே பரீட்சை. வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்களோ அதோடு ஒப்பிட்டு மதிப்பெண். முதல் கோடைக்கால வேலையும், அதன் வழியாக முதல் பெரிய வேலையும், சில ஸ்காலர்ஷிப்கள் தொடர்வதும் அந்த மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான். இரண்டாம் செமஸ்டரின் பரீட்சைகள் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வருகின்றன. கல்லூரி டென்னிஸ் சீசன் எப்போது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி முதல் மேட்ச், ஏப்ரலில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) போட்டி, மே மாதத்தில் தேசியப் போட்டி. வெளியூர் மேட்ச் என்றால் வியாழக்கிழமையே வேன் கிளம்பிவிடும், வெள்ளிக்கிழமை வகுப்பு போச்சு. வருகைப் பதிவில் லா ஸ்கூல்கள் கறார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வராவிட்டால் பரீட்சை எழுதவே விடாத இடங்கள் உண்டு.

நான் பிற்பாடு லா ஸ்கூல் சேர்ந்து, இரண்டாம் வருடத்தில் வாரம் பத்து மணி நேரம் மட்டும் அணிக்கு உதவினேன். ஏப்ரலில் ஒரு நாள் வெளியூர் மேட்ச் முடிந்து வேனை நான்தான் ஓட்டிவந்தேன். வந்து சேர இரவு பதினொன்று. மறுநாள் மேட்சுக்கு மூன்று ராக்கெட் ஸ்டிரிங் அறுந்து கிடந்தது. எவிடன்ஸ் (சாட்சியச் சட்டம்) பாடக் குறிப்பை ஸ்டிரிங்கிங் மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, குறுக்கு இழை ஒன்று இழுப்பது, ஒரு விதியைப் படிப்பது, மறுபடி ஒன்று இழுப்பது என்று இரண்டு மணி வரை. காலை ஒன்பதுக்குப் பரீட்சை. என் மூன்று வருடத்திலேயே குறைந்த மதிப்பெண் அதில்தான். அது இரண்டாம் வருடம், பாதி நேர வேலை. உங்களுக்கு இவர்கள் கேட்பது முதல் வருடம், முழு இருபது மணி. ஜி.ஏ. கோச்சின் வேலை இருபது மணியோடு நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். அணியின் துணி துவைக்கப் போடுவதிலிருந்து உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களின் வீடியோ பார்ப்பது வரை எல்லாம் ஜி.ஏ. தலையில்தான் வந்து விழும்.

லா ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் தரும் வக்கீல்கள் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் முன்பு முழுநேரச் சட்ட மாணவர் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றே விதி வைத்திருந்தது. 2014இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல லா ஸ்கூல்கள் தங்கள் சொந்த விதியில் அதை இன்னும் வைத்திருக்கின்றன, முதல் வருடத்தில் வேலையே வேண்டாம் என்று சொல்கிற இடங்களும் உண்டு. இதையும் கேட்டுவிடுங்கள்.

'கோச்சாக இருந்துகொண்டே சட்டம் படித்தவர் யாருமே இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள், அதில் ஒருவர் அமெரிக்க அதிபரே ஆனார். ஜெரால்ட் ஃபோர்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். டெட்ராய்ட் லயன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணிகள் கூப்பிட்டன, போகவில்லை. 1935இல் வருடம் 2,400 டாலர் சம்பளத்துக்கு யேல் பல்கலைக்கழகத்தில் துணைக் கோச்சாகச் சேர்ந்தார், குத்துச்சண்டைக்கும் அவரே கோச். அங்கேயே சட்டம் படித்துவிடலாம் என்பதுதான் அவர் நோக்கம். ஆனால் யேல் சட்டக் கல்லூரி முதலில் அவருக்கு இடம் தர மறுத்தது. காரணம், அவருடைய முழுநேரக் கோச் வேலை! 1937 கோடையில் மிச்சிகன் போய்ச் சட்ட வகுப்புகள் படித்துவிட்டு வந்தார். 1938 வசந்தகாலத்தில்தான் யேல் சேர்த்துக்கொண்டது. 1941இல் வகுப்பின் முதல் கால் பகுதிக்குள் தேறினார். யேல் வந்து பட்டம் வாங்க அவருக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அவர் கதையை நான் பிள்ளைகளிடம் சொல்வது இதற்காகத்தான். அந்த வழியில் போக முடியும், ஆனால் மூன்று வருடத்தில் முடியும் என்று கணக்குப் போடக் கூடாது. கல்லூரி தயங்கிய காரணமும் இன்றைக்கு லா ஸ்கூல்கள் சொல்கிற அதே காரணம்தான்.

அப்படியானால் என்ன செய்வது? என் கருத்தை நேராகச் சொல்கிறேன். லா ஸ்கூல் முதல் வருடத்தையும் இந்தக் கோச் வேலையையும் ஒன்றாக எடுக்காதீர்கள். ஆனால் வேலையை வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட முதுகலை ஒன்றில் சேர்ந்து, அதற்கு இந்த வைவரைப் பயன்படுத்துங்கள். பொது நிர்வாகமோ விளையாட்டு நிர்வாகமோ, உங்களுக்குப் பிடித்தது. வைவர் என்பது உருவானதே அந்தப் படிப்புகளுக்குத்தான், அதனால் பில் வந்து அதிர வைக்காது. கட்டணமும் லா ஸ்கூலை விடப் பொதுவாகக் குறைவு, ஆகவே வரிச் சுமையும் குறையும். அந்த இரண்டு வருடத்தில் எல்சாட்டுக்கு ஒழுங்காகப் படியுங்கள். நானும் அந்த பில்லுக்குப் பிறகு லா ஸ்கூல் இடத்தை விட்டுவிட்டு இதைத்தான் செய்தேன்.

எல்சாட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், லா ஸ்கூலில் கட்டணத்தைக் குறைக்கிற பணம் இருப்பது அங்கேதான். இங்கே லா ஸ்கூல் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு மாணவர் எந்த நாட்டுக்காரர் என்பது பல இடங்களில் தடையில்லை. தன் வகுப்பின் நடு மதிப்பெண்ணை உயர்த்துகிற மாணவருக்குக் கல்லூரி பணம் கொடுத்து இழுக்கும். உங்கள் 3.8 ஏற்கெனவே நல்ல நிலை. 156ஐ 163, 165க்குக் கொண்டுபோனால், இப்போது 36,000 கேட்கிற மாதிரிக் கல்லூரிகள் உங்களைத் தேடி வரும். எல்சாட்டை ஐந்து வருடத்தில் ஐந்து தடவை, ஆயுளில் ஏழு தடவை எழுதலாம். பெரும்பாலான கல்லூரிகள் உயர்ந்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கும். 2024 ஆகஸ்டிலிருந்து அதில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியும் இல்லை, நீங்கள் எழுதியது அதற்கு முந்தையதா பிந்தையதா என்று சொல்லவில்லை. வாரம் 20 மணி வீதம் பத்து மாதம் கோர்ட்டில் நின்றால் 800 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கு ஸ்டைபென்ட் 9,000. அதில் பாதி நேரத்தை எல்சாட்டுக்குக் கொடுத்து, மூன்று வருடக் கட்டணத்தில் பாதி குறைந்தால்கூட 54,000 டாலர். எது பெரிய சம்பளம் என்று நீங்களே பாருங்கள்.

ஸ்காலர்ஷிப் கடிதம் வரும்போது 'நிபந்தனை உண்டா' என்று பாருங்கள். குறிப்பிட்ட ஜி.பி.ஏ. இருந்தால்தான் தொடரும் என்று சில கல்லூரிகள் கொடுக்கும். ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண் முறையில் எல்லோராலும் அதைக் காப்பாற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் '509 அறிக்கை' என்று ஒன்றை வருடா வருடம் வெளியிட்டாக வேண்டும். எத்தனை பேருக்கு முழுக் கட்டண ஸ்காலர்ஷிப், எத்தனை பேருக்குப் பாதி, போன வருடம் எத்தனை பேர் நிபந்தனையில் ஸ்காலர்ஷிப்பை இழந்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் சொன்ன கல்லூரியின் அறிக்கையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஜி.ஏ. வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை, அது தலைமைக் கோச்சை ஒட்டி நிற்கும். அவர் வேறு இடம் போனால் புதியவர் தன் ஆளைக் கொண்டுவருவார். 2025 ஜூனில் கல்லூரி வீரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்று நீதிமன்ற உடன்பாடு வந்த பிறகு செலவுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. டென்னிஸ் அணியையே மூடிய பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்கள் டிவிஷனில் அந்த அழுத்தம் குறைவு, ஆனாலும் மூன்று வருடச் சட்டப் படிப்பை இப்படிப்பட்ட வேலையை மட்டும் நம்பித் தொடங்கக் கூடாது. இரண்டு வருட முதுகலைக்கு அந்த ஆபத்து தாங்கக்கூடியது.

இங்கேயே பிறந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசுக் கடன் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு. ஆனால் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் (மேற்படிப்புக்கான மத்திய அரசுக் கடன்களில் ஒன்று) கிடையாது. சட்டம் போன்ற படிப்புகளுக்கு வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் உச்சவரம்பு. செலவு அதைத் தாண்டினால் தனியார் கடன்தான். 'கடன் வாங்கிச் சமாளிக்கலாம்' என்ற பழைய கணக்கு இனி எல்லா இடத்திலும் செல்லாது.

உங்களுக்கு அந்தக் கடனும் இல்லை. தனியார் வங்கிகள் பெரும்பாலும் இங்கே இருக்கிற ஒருவரின் ஜாமீன் கேட்கும். அதனால்தான் அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுக்கிறார். அவரிடம் பேசுங்கள் அம்மா. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பிள்ளை நமக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று அவர் மனசு கஷ்டப்படும். இந்த இரண்டு வருடத் திட்டத்தையும் எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வங்கியில் இருந்தவர், கணக்கைப் பார்த்தால் புரிந்துகொள்வார். ஊருக்குத் திரும்பி வந்து வழக்காடும் எண்ணம் இருந்தால், சேரப் போகும் கல்லூரியின் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரிக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் வாங்கிய இந்தியர்களுக்கு அங்கே தனியாக ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு மின்னஞ்சல். லா ஸ்கூல் நிதி உதவி அலுவலகத்துக்கு ஒன்று: ஜி.ஏ. வைவர் ஜே.டி.க்குப் பொருந்துமா? முதுகலைப் பள்ளிக்கு ஒன்று: எந்தெந்தப் படிப்புக்கு, எத்தனை கிரெடிட் வரை, எத்தனை வருடம்? பதில் வரும் வரை கோச்சிடம் நேரம் கேளுங்கள், நியாயமான கோச் கொடுப்பார். லா ஸ்கூல் 'முழுவதும் பொருந்தும்' என்று எழுதியே கொடுத்துவிட்டால், அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். வரியையும் மணி நேரத்தையும் வைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.